உளுக்காத மரமும் உயிரில்லாக் கடலும்

கடல்மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் நன்னீர்த் தொட்டியில் கை பழகியவர்கள். கப்பி, மோலி, ஏஞ்சல் என்று தொடங்கி, மணலும் கல்லும் நீர்ச்செடியுமாகத் தொட்டியை ஒரு சிறு நிலக்காட்சியாக ஒழுங்குசெய்யக் கற்றவர்கள். அந்தக் காட்சியின் நடுநாயகம் அநேகமாக ஒரு மரக்கட்டையாக இருக்கும். முறுக்கேறிய வேர், பிளவுபட்ட கிளை, அதன் முதுகில் படர்ந்த பாசி, அடியில் ஒதுங்கும் மீன். ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015) இந்தக் கலையை உலகெங்கும் பரப்பினார். லிஸ்பன் நகரின் ஓசியனாரியோவில் 2015இல் திறக்கப்பட்ட அவருடைய பெரும்படைப்பு 40 மீட்டர் நீளமும் 1,60,000 லிட்டர் நன்னீரும் கொண்டது. அடர்ந்த செடிகளுக்கு இணையாக மரத்துண்டுகளே அதன் அழகைத் தாங்குகின்றன. இத்தகைய தொட்டிகளைப் பார்த்துப் பழகிய கண், கடல்நீர்த் தொட்டிக்கு மாறும்போதும் மரத்தைத் தேடுகிறது. உப்பும் வெயிலும் பட்டு வெளுத்துக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கட்டையைக் காணும்போது, இது கடலில் கிடந்ததுதானே, கடல்நீர்த் தொட்டிக்குள் வைத்தால் என்ன என்று தோன்றுகிறது.

வைக்கக் கூடாது என்பதுதான் அனுபவசாலிகளின் பதில். பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. ஏன் கூடாது என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனால், தொட்டியைத் தாண்டிக் கடலையே புதிதாகப் பார்க்க நேர்கிறது. கடலில் எதுவும் வெறும் அழகுப் பொருளாகக் கிடப்பதில்லை. அங்கே போய்ச் சேரும் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் உயிருக்கு வீடாகிறது, அல்லது உணவாகிறது. மரம் அங்கே உணவு. இதை அறியாமல் கடலை வீட்டுக்குள் கொண்டுவர முயல்கிறவர், கடலைப் பற்றித் தவறான ஒன்றைத் தானும் கற்றுக்கொண்டு, தொட்டியின் முன் வந்து நிற்கும் பிள்ளைகளுக்கும் கற்பித்துவிடுகிறார். இந்தக் கட்டுரைக்குக் காரணமான கவலை அதுதான்.

முதலில் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நீரில் ஊறும் மரம் டானின் முதலிய அமிலப் பொருள்களைக் கசியவிடும். நீர் மெல்ல மஞ்சளாகி, பிறகு தேநீரின் நிறத்துக்கு வரும். அமேசான் காட்டின் கருநீர் ஆறுகளிலிருந்து வந்த மீன்களுக்கு அந்த நீர் சொந்த ஊர். கடல்நீரின் நிலை வேறு. அதன் பிஎச் அளவு 8.1ஐ ஒட்டியது. காரத்தன்மையைத் தக்கவைக்கும் வலு அதற்கு உண்டு என்பதால், ஒரு சிறு கட்டை விடும் அமிலம் அதை உடனே கவிழ்த்துவிடாது. நிறம்தான் பெரிய தொல்லை. மஞ்சள் நீர் நீல ஒளியை விழுங்கிவிடும். பவளங்களின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கைக்கு அதிகம் நம்பியிருப்பது அந்த நீல ஒளியைத்தான். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பவளம் பட்டினி கிடக்கத் தொடங்கும். ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு நிறத்தை நீக்கலாம். ஆனால் மரம் கசிந்துகொண்டே இருக்கும். கார்பனையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று கட்டையின் உள்ளே இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் கரைந்திருக்கிறது. சாதாரண ஆற்றுநீரில் இருப்பதைப் போலப் பல மடங்கு. மரத்தின் மேற்பரப்பில் வாழும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போது ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். உட்புறத்துக்கு ஆக்சிஜன் எட்டாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடும் வேறு வகைப் பாக்டீரியா பெருகும். அவை வெளிவிடுவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டையின் நாற்றமுடைய அந்த வாயு, மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும். நன்னீர்த் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் தீங்கின்றிக் கிடந்த அதே கட்டை, கடல்நீரில் ஆபத்தாக மாறுவதற்கு இது முதன்மையான காரணம். கடற்கரையில் பொறுக்கிய கட்டையென்றால் இன்னொரு அபாயமும் சேரும். அது பழைய படகின் பலகையாக இருக்கலாம். பூச்சி அரிக்காமலிருக்கத் தாமிரமும் ஆர்சனிக்கும் ஏற்றப்பட்டதாக இருக்கலாம். கரைந்துவரும் தாமிரம் இறாலையும் நத்தையையும் பவளத்தையும் மிகச் சிறிய அளவிலேயே சாகடித்துவிடும்.

இவை தொட்டி வளர்ப்பவர் அறிந்துகொள்ள வேண்டிய வேதியியல். ஆனால் கடல் மரத்தை எப்படி எதிர்கொள்கிறது என்பதன் பெரும்பகுதி வேதியியலுக்கு வெளியே, உயிர்களின் கையில் இருக்கிறது. ஆற்றில் விழுந்த மரத்தைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் நிதானமாகக் கரைக்கின்றன. கடலில் விழுந்த மரத்தைத் தின்பதற்கென்றே உடலமைப்பு பெற்ற விலங்குகள் காத்திருக்கின்றன.

அவற்றில் முதன்மையானது கப்பல்புழு. பெயரில் புழு இருந்தாலும் அது மட்டியும் சிப்பியும் சேர்ந்த இனத்தைச் சார்ந்தது. மற்றச் சிப்பிகளில் உடலை மூடிக் காக்கும் இரு ஓடுகள், இதில் தலைப்பக்கம் சுருங்கி, மரத்தை அரத்தால் ராவுவது போலத் தேய்க்கும் கருவியாகிவிட்டன. கண்ணுக்குத் தெரியாத சிறு குஞ்சாக நீரில் மிதந்துவந்து, மரத்தில் ஊசிமுனையளவு துளையிட்டு உள்ளே நுழைகிறது. நுழைந்த துளை பெரிதாவதில்லை. உள்ளே உடல் நீள நீளச் சுரங்கம் நீளும். சுரங்கத்தின் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுப் பூசிக்கொள்ளும். ஒரே கட்டையில் நூற்றுக்கணக்கானவை வாழ்ந்தாலும் ஒன்றின் சுரங்கம் மற்றொன்றைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை. வெளியே பார்த்தால் மரம் முழுசாக இருக்கும். உள்ளே உளுத்துக் கிடக்கும். அது நொறுங்கி விழும் நாளில்தான் மனிதருக்குச் செய்தி தெரியும்.

மரத்தூளை மட்டும் தின்று ஒரு விலங்கு எப்படி உயிர் வாழ்கிறது? மரத்தில் மாவுச்சத்து கொஞ்சம். நைட்ரஜன் அதைவிடக் கொஞ்சம். கப்பல்புழுவின் செவுள்களுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இதற்கு விடை. அவை சுரக்கும் நொதிகள் செரிமானப் பகுதிக்குச் சென்று செல்லுலோசை உடைக்கின்றன. அவற்றில் ஒன்று நீரில் கரைந்த நைட்ரஜனைப் பிடித்துப் புரதமாக்கவும் உதவுகிறது. அதற்கு டெரிடினிபாக்டர் டர்னரே என்று பெயர். ஹார்வர்டில் வாழ்நாள் முழுவதும் மரம் துளைக்கும் சிப்பிகளை ஆராய்ந்த ரூத் டர்னரின் நினைவைச் சுமக்கும் பெயர் அது. காடு கடலுக்கு அனுப்பும் பொருளை, பெரும்பாலான உயிர்கள் தின்ன முடியாத ஒன்றை, ஒரு சிப்பியும் ஒரு நுண்ணுயிரும் சேர்ந்து உயிராக மாற்றுகின்றன. இதைவிடப் பெரிய கூட்டுறவு கடலில் அதிகமில்லை.

மனிதர் இந்த உயிரைப் பகைவனாகவே அறிந்தார்கள். கொலம்பஸ் தன் நான்காம் பயணத்தில் 1503இல் உளுத்துப்போன கப்பல்களை ஜமைக்காவின் கரையில் ஏற்றிவிட்டு, ஓராண்டு காலம் அங்கேயே சிக்கிக் கிடந்தார். பிரிட்டிஷ் கடற்படை 1761இல் அலார்ம் என்ற கப்பலின் அடிப்பாகத்துக்குத் தாமிரத் தகடு போர்த்திப் பார்த்தது. பிறகு முழுப் படைக்கும் அதைப் பரப்பியது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் 1919 முதல் 1921 வரை கப்பல்துறைகளும் படகுத்துறைகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து விழுந்தன. அதுவரை உப்பு குறைந்து புழு அண்டாத வடபகுதிக் கரையில் நட்ட மரத்தூண்களின்மேல் நின்றவை அவை.

இந்தக் கதைகளில் நெதர்லாந்தின் கதை எனக்கு மிக முக்கியமானது. கடல்மட்டத்துக்குக் கீழே உள்ள தங்கள் வயல்களையும் ஊர்களையும் காக்க டச்சுக்காரர்கள் மண்ணால் கரை எழுப்பி, அலை மோதும் பக்கத்தில் கனத்த மரத்தூண்களை வரிசையாக நட்டிருந்தார்கள். 1731இல் அந்தத் தூண்கள் உளுத்திருப்பது தெரியவந்தது. கரை உடைந்தால் நாடு மூழ்கும். கடவுளின் தண்டனை என்று பிரசங்கங்கள் நடந்தன. மறுபக்கம் கோட்ஃபிரீட் செல்லியஸ் போன்றவர்கள் இந்த உயிரைக் கையிலெடுத்து அறுத்து ஆராய்ந்து, இது புழுவே அன்று, சிப்பியினம் என்று 1733இல் எழுதினார்கள். இறுதியில் ஆட்சியாளர்கள் மரத்தைக் கைவிட்டு, பெருஞ்செலவில் தொலைவிலிருந்து கல்லை இறக்குமதி செய்து கரைகளின் சரிவை மாற்றி அமைத்தார்கள். கடலின் முன்னால் மரம் நிலைக்காது என்பதை ஒரு நாடே ஒப்புக்கொண்ட தருணம் அது.

நம் கரையில் இந்த அறிவு ஏட்டில் ஏறாமல் தொழிலில் இருந்தது. கட்டுமரத்தில் போன மீனவர் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே பிரித்து மணலில் காயப் போடுவார். ஊறிய மரம் கனத்துப்போகும் என்பது முதல் காரணம். உலர்ந்த மரத்தில் துளைப்பான் உயிர் பிழைக்காது என்பது கூடவே கிடைக்கும் காப்பு. வள்ளங்களுக்கும் தோணிகளுக்கும் எண்ணெய்ப் பூச்சும் சுண்ணாம்புப் பூச்சும் இட்டார்கள். மரத்தைக் கடலில் வைத்திருக்க வேண்டுமானால் அதைக் கடலிடமிருந்து திரும்பத் திரும்ப மீட்டெடுக்க வேண்டும் என்பதை அவர்கள் அன்றாட வேலையாகவே செய்தார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. தமிழ்நாட்டுக் கரையின் சில பகுதிகளில் மரக்கிளைகளைக் கட்டி, மணல்மூட்டையின் கனத்தோடு கடலடியில் இறக்கி வைப்பார்கள். கிளைகளில் பாசியும் சிற்றுயிர்களும் படியும். அவற்றை நாடி மீன் சேரும். கிளை சிதைந்துபோகும் என்பது இறக்குகிறவருக்குத் தெரியும். சிதைந்தபின் மறுபடி இறக்குவார். அங்கே மரம் நிலைத்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அழிந்துகொண்டே பயன் தருவதுதான் அதன் வேலை.

கடலில் மரம் நிலைத்திருக்கும் இடங்களும் உலகில் உண்டு. அவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்வீடனின் வாசா என்ற போர்க்கப்பல் 1628இல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கியது. 333 ஆண்டுகளுக்குப் பின் 1961இல் அதை வெளியே எடுத்தபோது செதுக்குச் சிற்பங்கள்கூட அழியாமல் இருந்தன. பால்டிக் கடலின் அந்தப் பகுதியில் உப்பு மிகக் குறைவு; கப்பல்புழு அங்கே வாழ முடியாது. துருவப் பயணி ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பல் 1915இல் தென்துருவத்தின் வெட்டல் கடலில் பனிக்கட்டிகளால் நசுங்கி மூழ்கியது. 2022 மார்ச்சில் 3,008 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டபோது, பின்புறத்தில் பொறித்த பெயரைப் படிக்க முடிந்தது. அண்டார்டிகாவில் மரங்கள் இல்லாமல் பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. கண்டத்தைச் சுற்றி ஓடும் நீரோட்டம் வெளியிலிருந்து மிதந்துவரும் மரத்தையும் தடுக்கிறது. உண்ண மரமில்லாத கடலில் மரம் உண்ணும் உயிரும் இல்லை. ஆய்வாளர்கள் திமிங்கில எலும்பையும் மரப்பலகைகளையும் அங்கே கடலடியில் 14 மாதங்கள் கிடத்திப் பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி எலும்பில் எலும்புதின்னிப் புழுக்கள் மொய்த்திருந்தன. பலகைகள் வைத்தபடியே இருந்தன.

இந்த இரண்டு கப்பல்களும் சொல்வது ஒன்றுதான். மரம் கெடாமல் இருக்கும் கடல், மரத்தை உண்ணும் உயிர்கள் வாழாத கடல். நம் வெப்பக் கடல்களின் ஒரு துண்டைத் தொட்டிக்குள் அமைத்து, அதில் மரம் என்றைக்கும் அழகாகக் கிடக்க வேண்டும் என்று விரும்புகிறவர், தன்னை அறியாமலே அந்தக் கடலின் ஒரு பெரும்பகுதி உயிரை வெளியே நிறுத்திவிட விரும்புகிறார். மரம் கெடுவது தொட்டியின் கோளாறு என்று அவருக்குத் தோன்றும். கடல் தன் இயல்பில் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

அந்த இயல்பின் பெருமையை ஆழ்கடலில் காணலாம். 1970களின் தொடக்கத்தில் ரூத் டர்னர் ஆல்வின் என்ற ஆழ்கடல் நீர்மூழ்கியின் உதவியோடு 1,830 மீட்டர் ஆழத்தில் மரப்பலகைகளை வைக்கச் செய்தார். ஒளி நுழையாத, உணவு அரிதான தரை அது. அங்கே எதுவும் மிக மெதுவாகவே நடக்கும் என்று அறிஞர்கள் நம்பியிருந்தார்கள். 104 நாள்களில் எடுத்துப் பார்த்தபோது பலகைகள் உள்ளே முழுதும் துளைபட்டிருந்தன. சைலோஃபாகா என்ற ஆழ்கடல் மரத்துளைப்பான்களின் வேலை அது. 1973இல் அவர் வெளியிட்ட இந்தச் செய்தி ஆழ்கடலைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியது. துளைப்பான்கள் மரத்தைத் தின்று கழிக்கும் தூளை மற்ற உயிர்கள் தின்கின்றன. அந்த உயிர்களைத் தின்ன வேறு உயிர்கள் வருகின்றன. சிதையும் மரம் விடும் சல்பைடைக் கொண்டு வாழும் மட்டிகள் அதன்மேல் குடியேறுகின்றன. கடலடி வெந்நீர் ஊற்றுகளில் இன்று வாழும் மட்டிகளின் மூதாதையர், மூழ்கிய மரங்களையும் திமிங்கில எலும்புகளையும் படியாகக் கொண்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று 2000இல் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். நம் வீட்டுத் தொட்டியில் மீனைக் கொல்லும் அதே சல்பைடு, அளவிலாக் கடலில் ஓர் ஊரையே வாழவைக்கிறது. இருநூறு லிட்டருக்குள் அடக்க முடியாத ஒன்று கடலில் இருக்கிறது என்பதைத் தொட்டி வளர்ப்பவர் உணர வேண்டிய இடம் இது.

காட்டுக்கும் கடலுக்கும் இடையில் நடக்கும் இந்தப் பரிமாற்றத்தின் மறுமுனையில் நாம் நிற்கிறோம். மலையில் விழுந்த மரத்தை வெள்ளம் ஆற்றுக்கும் ஆறு கடலுக்கும் கொண்டுசேர்த்தது. காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை எழுந்தது 1934இல். அதுபோல் உலகின் பெரிய ஆறுகளில் பெரும்பாலானவற்றின் குறுக்கே அணைகள் எழுந்தன. அணை தண்ணீரைத் தேவைக்குத் திறந்துவிடும், மரத்தைத் திறந்துவிடாது. கரையோரக் காடுகள் குறைந்தன. ஒதுங்கிய கட்டைகளைக் குப்பையென்று கடற்கரையிலிருந்து அகற்றுகிறோம். கடலுக்குக் காடு அனுப்பிவந்த உணவு குறைந்துகொண்டே வருகிறது. அதே ஆற்றுவாய்களின் வழியாக இன்று போய்ச் சேர்வது பிளாஸ்டிக். அதைத் தின்று உயிராக்கும் சிப்பி எதுவும் கடலில் இல்லை. ஒரு கடற்கரைக் கட்டையை எடுத்து வரவேற்பறைக்குக் கொண்டுவருவது சிறு செயல்தான். ஆனால் கடலுக்குரிய உணவை நம் அலங்காரமாக மாற்றிக்கொள்ளும் பெரிய பழக்கத்தின் ஒரு பகுதி அது.

மரம் ஆகாது என்றால் கல் வைக்கலாமே என்று கேட்கலாம். டச்சுக்காரர்களும் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். கடல்நீர்த் தொட்டி வளர்ப்பவர்களும் அங்கேதான் வந்து சேர்கிறார்கள். லைவ் ராக் என்று அவர்கள் சொல்வது இறந்த பவளத்தின் எலும்புக்கூடான சுண்ணாம்புக் கல். அதன் நுண்துளைகளில் வாழும் பாக்டீரியா மீனின் கழிவான அம்மோனியாவை நைட்ரேட்டாகவும், பிறகு நைட்ரஜன் வாயுவாகவும் மாற்றும். கல்லே தொட்டியின் உயிருள்ள பில்டர். ஆகவே இங்கே அழகும் பயனும் ஒன்றாகச் சேர்ந்தன. ஆனால் அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பல காலம் கேட்கப்படவில்லை. அது வளர்ந்த பவளத்திட்டுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்த கல். புளோரிடாவின் கடற்பகுதியில் இயற்கையான திட்டுகளிலிருந்து அதைப் பெயர்ப்பதை 1990களில் சட்டத்தால் நிறுத்த வேண்டியிருந்தது.

பவளக்கல்லை இழந்தால் என்ன ஆகும் என்பதை மன்னார் வளைகுடா நமக்குக் காட்டியிருக்கிறது. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகள்; ஒவ்வொன்றையும் சுற்றிப் பவளத்திட்டு. அந்தத் திட்டுகளிலிருந்து சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல பத்தாண்டுகள் கல்லை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்துவந்த மதில் போனபின் தீவின் மணலை அலை கொண்டுபோனது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1986இல் இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவானது. 2001இல் திட்டு கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே காப்பு. பவளக்கல்லும் கடலில் அலங்காரமாக இருக்கவில்லை. ஒரு தீவையே தாங்கி நின்றது. அதைப் பெயர்த்தவர்களுக்கும் கட்டையைப் பொறுக்குகிறவருக்கும் இடையே அளவில் மலையளவு வேறுபாடு உண்டு. பார்வையில் வேறுபாடு இல்லை. இரு கண்களும் பொருளைப் பார்க்கின்றன. கடலில் அது செய்துகொண்டிருந்த வேலையைப் பார்ப்பதில்லை.

அப்படியானால் கடலுக்குள் மரம் உயிரோடு நிற்கும் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரத்தில் சுரபுன்னையின் தாங்குவேர்கள் உப்புநீருக்குள் இறங்கி நிற்கின்றன. சுரபுன்னை வேரிலேயே உப்பைத் தடுத்துவிடும். வெண்கண்டல் உள்ளே வந்த உப்பை இலை வழியே வெளியேற்றும். உயிருள்ள வேரில் சிப்பி ஒட்டும், நண்டு ஏறும், இறால் குஞ்சும் மீன் குஞ்சும் பெரிய மீன்களின் வாய்க்கு எட்டாமல் ஒளியும். மரம் செத்து விழுந்த பின் கப்பல்புழு உள்ளே போகும். அலையாத்திக் காடுகளில் நீரேறும் பகுதியில் விழுந்த பெரிய மரங்களைச் சிதைப்பதில் அதன் பங்கு மிகப் பெரிது. அது குடைந்த சுரங்கங்கள் பிறகு சிறு மீன்களுக்கும் மற்ற உயிர்களுக்கும் பொந்தாகின்றன. நிற்கும்போதும் விழுந்தபின்னும் அந்த மரம் சும்மா இருப்பதில்லை.

இவ்வளவும் அறிந்தபின் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர் என்ன செய்யலாம்? மரத்தைத் தவிர்க்கலாம். இயற்கைத் திட்டிலிருந்து பெயர்த்த கல்லையும் தவிர்க்கலாம். சுட்ட மண்ணாலோ சிமென்ட்டாலோ செய்த நுண்துளைக் கற்கள் கிடைக்கின்றன. பாக்டீரியா குடியேற அவற்றுக்குச் சில மாதங்கள் ஆகும். அந்தக் காத்திருப்பு தொட்டிக்கும் நல்லது, வளர்ப்பவருக்கும் நல்லது. கோமாளி மீன் போன்றவற்றை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யவைத்திருக்கிறது. பிடித்து வந்த மீனுக்குப் பதிலாக வளர்த்த மீனைக் கேட்டு வாங்கலாம். எதை உள்ளே வைப்பதாக இருந்தாலும் அதற்கு முன் இரண்டு கேள்விகள் போதும்: இது கடலில் யாருக்கு வீடாகவும் உணவாகவும் இருந்தது? இதை எடுத்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? விடை தெரியாத பொருளை வாங்காமல் விடுவது இழப்பாகாது.

பொதுக் காட்சியகங்களுக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு உண்டு. சென்னையில் 1909இலேயே மெரினாவில் மீன்காட்சியகம் திறந்த நாடு இது. கடலைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து மக்களுக்குக் காட்டும் மரபு நமக்குப் புதிதில்லை. இன்று உலகின் பல காட்சியகங்களில் அலையாத்திக் காட்சியில் நாம் காணும் வேர்கள் பிசினாலும் கண்ணாடிநாராலும் செய்தவை. மீனின் நலத்துக்காக அப்படிச் செய்வது நியாயம். ஆனால் அந்த வேர் பத்தாண்டு கழித்தும் மாறாமல் நிற்பதைப் பார்க்கும் குழந்தை, கடலில் மரம் மாறாது என்றே நம்பும். அதற்கு மாற்றாக ஒரு தனித்தொட்டி வேண்டும். மீன் இல்லாத, கடலோடு நீர்ப்பரிமாற்றம் உள்ள ஒரு தொட்டி. அதில் ஒரு கட்டை. எந்த நாளில் இறக்கியது என்று ஒரு பலகை. அருகில் அதே நாளில் குறுக்கே அறுத்து உலர வைத்த இணைத்துண்டு. கட்டை உளுப்பதை யாரும் தடுக்கக் கூடாது. எக்ஸ்ரே படத்தில் கப்பல்புழுவின் சுண்ணாம்புச் சுரங்கங்கள் தெளிவாகத் தெரியும். மாதம் ஒரு படம் எடுத்துச் சுவரில் மாட்டலாம். கட்டை நொறுங்கியதும் புதிதாக இன்னொன்றை இறக்கலாம். செலவு அதிகமில்லை. வண்ண மீன்களின் கவர்ச்சி இதற்கு இருக்காதுதான். ஆனால் காடு எப்படிக் கடலாகிறது என்பதை இதைவிட நேராகக் கற்றுக்கொடுக்கும் பாடம் வேறு எந்தத் தொட்டியிலும் இல்லை. கடலோர மாவட்டங்களின் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் கிடைக்க வேண்டும். ஆற்றையும் காட்டையும் கரையையும் பற்றி நாளை முடிவெடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.